அவளிடம் எது அழிந்தது?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து

சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம்தான். அதனால், படித்த ஆங்கிலக் கதை ஒன்றைத் தமிழில் சொல்லச் சொல்வேன். சென்ற ஆண்டு பதினாறு வயது மாணவி ஒருத்தி லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ நாவலை எடுத்துக்கொண்டாள். 1999இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

மெலிண்டா என்ற பெண் உயர்நிலைப் பள்ளியில் சேருவதற்கு முந்திய கோடையில் ஒரு விருந்துக்குப் போகிறாள். மூத்த மாணவன் ஒருவன் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். போலீசுக்குப் போன் செய்கிறாள், பேச்சு வரவில்லை. போலீஸ் வந்து விருந்து கலைகிறது. காரணம் தெரியாத சக மாணவர்கள் அவளை வெறுத்து ஒதுக்குகிறார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே போகிறது.

மாணவி வாசிக்கும்போது நடுவில் நின்றுவிட்டாள். நோட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு வரியில் விரலளவு இடம் விட்டு எழுதியிருந்தாள்.

“டீச்சர், ‘ரேப்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்?”

யோசிக்காமல் ‘கற்பழிப்பு’ என்று பலகையில் எழுதினேன். நான் பத்திரிகைகளில் படித்து வளர்ந்த சொல் அது. அவள் கற்பு என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அழிப்பு என்றால் என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

“அப்படியானால் மெலிண்டாவிடம் எது அழிந்தது? தப்பு செய்தவன் அவன் அல்லவா?”

உள்ளங்கையாலேயே பலகையைத் துடைத்தேன். சுண்ணாம்புத் தடம் போகவில்லை. அதன் மேலேயே ‘வன்புணர்வு’ என்று எழுதினேன். அவன் செய்ததைச் சொல்லும் சொல் அது. முந்தைய சொல் அவளுக்கு ஏதோ குறைந்துவிட்டது என்கிறது. நம் நாட்டுச் சட்டம்கூட இந்த இடத்தில் நம் பேச்சைவிடத் தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றங்கள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டம், சம்மதம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. அதற்கு முன் ஆணுக்கு நேர்ந்த கொடுமையைச் சட்டம் வன்புணர்வாகவே எண்ணவில்லை.

நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு இரண்டே வழிகள். ஒன்று, அவள் சாக வேண்டும். இல்லையென்றால், கெடுத்தவனுக்கே கழுத்தை நீட்ட வேண்டும். இந்த நாவலில் மெலிண்டா பள்ளிக்குப் போகிறாள், ஓவிய வகுப்பில் ஒரு மரத்தை வரைய முயன்று முயன்று தோற்கிறாள், மறுபடி வரைகிறாள். பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகுந்த கதை என்று உறுதியாகச் சொல்வேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

என் மகள் மேசையில் விட்டுப்போயிருந்த ‘ஸ்பீக்’ நாவலை நானும் படித்தேன். “இந்தப் பெண் ஏன் கத்தவில்லை?” என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, “டர்பனில் உங்கள் கழுத்தில் கத்தி வைத்தானே, நீங்கள் கத்தினீர்களா?” என்றாள்.

கிரே ஸ்ட்ரீட்டில், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், பட்டப்பகலில் நடந்தது. கைகால் மரத்துப்போய் நின்றேன். பர்ஸை நானே எடுத்து நீட்டினேன். ஏன் கத்தவில்லை என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானாகவே பர்ஸைக் கொடுத்ததாக யாரும் சொல்லவும் இல்லை.

டோங்காட்டிலிருந்து

டீச்சர் எழுதிய சொல்லைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வயது 61. பதினான்கு வயதில், மாமா முறையுள்ள ஒருவர். முழுதாக நடக்கவில்லை, அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். “உன் கற்பு தப்பியதே, அம்மனுக்குத் தேங்காய் உடை” என்றார். உடைத்தேன். கற்பு அழியவில்லை என்பதால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. அடுத்த தீபாவளிக்கு அவருக்கு நான்தான் பலகாரத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சட்டமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. வன்புணர்வு வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. மற்ற பாலியல் குற்றங்கள் பலவற்றுக்கு அப்போது 20 ஆண்டு கடந்தால் கதவு மூடிவிடும். 2018 ஜூன் மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வேறுபாடு செல்லாது என்றது. செய்தியைக் கத்தரித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

போன வாரம் பேத்தியிடம் அந்த நாவலை வாங்கிப் படித்தேன். நூலகத்தில் மெலிண்டா தன் பழைய தோழிக்குத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுகிறாள், நடந்ததை, அவன் பெயரை. தோழி அவளைப் பொய்காரி என்கிறாள். அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன். இன்னும் சில பக்கங்கள் இருக்கின்றன. பேத்தி புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. “மெதுவாகப் படியுங்கள், ஆயா” என்றாள்.