கடலோர அஸ்திவாரத்துக்கு எஸ்ஆர்சி (சல்பேட்டைத் தாங்கும்) சிமெண்ட் போடலாமா?

உப்புக்காற்று:
கடல்நீரில் சல்பேட் இருக்கிறது, அதனால் எஸ்ஆர்சி போடுங்கள் என்று இன்னமும் சொல்கிறார்கள். கம்பியை அரிப்பது குளோரைடு. எஸ்ஆர்சியில் சி3ஏ (ட்ரைகால்சியம் அலுமினேட்) 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (இந்தியத் தரநிலை ஐஎஸ் 12330). குளோரைடைப் பிடித்து ஃபிரீடல் உப்பாகக் கட்டிவைப்பதே அந்த அலுமினேட்தான். அதைக் குறைத்தால் துளைநீரில் (காங்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீர்) கட்டுப்படாத குளோரைடு கூடும், கம்பியைச் சீக்கிரம் எட்டும்.

துளைநீர்:
பிடிமானத்தை ரொம்ப நம்பாதீங்க சார். சி3ஏ நீரோடு வினைபுரிந்து உருவாகும் மோனோசல்பேட் சல்பேட்டை விட்டுவிட்டு குளோரைடை ஏற்கும், சி-எஸ்-எச் (சிமெண்டைக் கெட்டியாக்கும் கால்சியம் சிலிகேட் பசை) பரப்பிலும் கொஞ்சம் ஒட்டும், சரி. ஆனால் கார்பனேஷன் (காற்றின் கார்பன் டை ஆக்சைடு காங்கிரீட்டோடு வினைபுரிவது) வந்து காரத்தன்மை இறங்கினால் ஃபிரீடல் உப்பு சிதைந்து, பிடித்ததைத் துளைநீரிலேயே விட்டுவிடும். அது உள்ளே நகர்ந்து கார்பனேஷன் எல்லைக்குச் சற்று அப்பால் குவியும். பிடிமானம் குளோரைடின் வரவைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தடுப்பது நெருக்கமான துளை அமைப்பு. நீர்-சிமெண்ட் விகிதத்தை 0.40க்கு இறக்குங்கள்.

உப்புக்காற்று:
எப்போதும் ஈரத்தில் கிடக்கும் அஸ்திவாரத்தில் கார்பனேஷன் எங்கே வரும்? துளைகளில் நீர் நிறைந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு நகர்வதே மிகமிக மெதுவு. நீங்கள் சொல்வது தரைக்கு மேலுள்ள தூணுக்குப் பொருந்தும். மண்ணில் சல்பேட்டோடு குளோரைடும் இருந்தால் எஸ்ஆர்சிக்குப் பதிலாக சி3ஏ 5 முதல் 8 சதவீதம் உள்ள ஓபிசி (சாதாரண சிமெண்ட்), இல்லையென்றால் இரும்பாலைக் கசடு 50 சதவீதத்துக்கு மேலுள்ள பிஎஸ்சி (கசடுச் சிமெண்ட்) என்று ஐஎஸ் 456 சொல்கிறது.

நைட்ரிக்:
இரண்டு பேரும் எந்தச் சோதனையை வைத்துப் பேசுகிறீர்கள்? ஆர்சிபிடி (குளோரைடு ஊடுருவலை மின்சாரம் செலுத்தி வேகமாக மதிப்பிடும் சோதனை) என்றால் வாதமே நிற்காது. 60 வோல்ட், 6 மணி நேரம். பிடிமானத்துக்கு அவகாசமே இல்லை. முடிவாக வரும் கூலும்பில் (கடந்துபோன மின்னூட்டத்தின் அளவு) ஹைட்ராக்சைடின் ஓட்டமும் சேரும். சிலிக்கா ஃபியூம் (கலவையில் சேர்க்கும் நுண்ணிய சிலிக்கா தூள்) துளைநீரின் ஹைட்ராக்சைடைக் குறைப்பதால் முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும். நார்டெஸ்ட் 443 (மின்சாரம் இல்லாமல் உப்புநீரில் ஊறவைக்கும் சோதனை) செய்யுங்கள்: லிட்டருக்கு 165 கிராம் உப்புக் கரைசலில் குறைந்தது 35 நாள், பிறகு மேற்பரப்பிலிருந்து மெல்லிய அடுக்குகளாக அரைத்து, தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வெள்ளி நைட்ரேட்டால் டைட்ரேஷன். ஆழத்துக்கு ஏற்பக் குளோரைடு குறையும் வளைவைப் பொருத்தும்போது முதல் அடுக்கை விட்டுவிடுங்கள். கிடைப்பது மொத்த குளோரைடு. அதே தூளை வெந்நீரில் ஊறவைத்து ‘இதுதான் கட்டுப்படாதது’ என்று எழுதாதீர்கள், பிடிபட்டதிலும் ஒரு பங்கு கரைந்து வந்துவிடும்.

துளைநீர்:
இதை ஏற்கிறேன். ஈரத்தில் கிடக்கும் அஸ்திவாரத்துக்கு பிஎஸ்சியே போகட்டும். ஆனால் க்யூரிங்கை (காங்கிரீட்டை ஈரமாக வைப்பது) 7 நாளில் நிறுத்தினால் கவர் காங்கிரீட்டில் (கம்பிக்கு வெளியே உள்ள காங்கிரீட்) கசடு பாதிகூட வினைபுரிந்திருக்காது, துளைகள் திறந்தே கிடக்கும். கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வறண்ட வெயிலில் 14.