‘தி காமெடி’ (2012) பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பாதியில் நிறுத்திவிட்டேன்

பின்னிரவுக்காரன்:
அமெரிக்க நகைச்சுவை ஜோடி டிம் ஹைடெக்கரும் எரிக் வேர்ஹைமும் சேர்ந்து நடித்த படம், பெயரே காமெடி, வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று நம்பி நேற்று ராத்திரி போட்டேன். என் தப்புதான். ஸ்வான்சன் என்று ஒருத்தன், முப்பத்தைந்து வயது இருக்கும், தொப்பை, தாடி, அரை டிராயர். அப்பா சாகக் கிடக்கிறார், கோடிக்கணக்கில் சொத்து வரப்போகிறது. மகன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆண் நர்ஸிடம் ஆசனவாயைப் பற்றி அருவருப்பாகக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். நர்ஸ் முகத்தைக்கூட மாற்றவில்லை. அப்புறம் டாக்ஸிக்காரருக்குப் பணம் கொடுத்து வண்டியைத் தானே ஓட்டுகிறான். அதோடு அணைத்துவிட்டேன். கோபம் வந்ததா சலிப்பு வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. மீதியில் ஏதாவது இருக்கிறதா, அல்லது கடைசிவரை இந்த மைனரின் சேட்டைதானா?

தகரக்கொட்டகை:
கடைசிவரை அதேதான், ஆனால் பாருங்கள். 2012-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டபோதே நிறையப் பேர் எழுந்து போனார்கள், நீங்கள் தனி ஆள் இல்லை.

எனக்கு அந்த டாக்ஸிக் காட்சிதான் படத்தின் சாவி. அவன் வண்டி ஓட்ட ஆசைப்படவில்லை. இந்த ஆள் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வான் என்று பார்க்கிறான். தோட்டவேலைக்காரர்களோடு நின்றுகொண்டு தானும் ஒரு தோட்டக்காரன்போல வீட்டுக்காரர்களிடம் பேசுவான், ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போவான், எல்லாமே இந்தச் சோதனைதான். மற்றவனுக்கு அது சோறு போடும் வேலை, இவனுக்கு மாறுவேடப் போட்டி. அலுத்துப்போனால் படகுக்குத் திரும்பிவிடலாம் (ஆமாம், ஐயா குடியிருப்பது படகில்). நம்மூரில் அப்பன் சொத்தில் திரிந்த மைனருக்காவது நாலு பேர் பார்க்க வேண்டும் என்று கழுத்தில் ஒரு சங்கிலி தொங்கும். இவன் பணம் இல்லாதவன்போல உடுத்திக்கொண்டு திரிகிறான், அதுதான் இன்னும் எரிச்சல்.

முழு வசனத்தையும் எழுதி வைத்துக்கொண்டு எடுத்த படமும் இல்லை. காட்சிகளின் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடிகர்களையே பேசவிட்டிருக்கிறார் இயக்குநர் ரிக் ஆல்வர்சன். அதனால்தான் நக்கல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு நிமிடத்தில் வெட்டியிருந்தால் நாம் சிரித்திருப்போம்.

கேரட்_மால்வா:
எனக்கு இந்தப் படம் ஆகாது, வெளிப்படையாகவே சொல்கிறேன். கறுப்பின மக்கள் வரும் ஒரு மதுக்கடைக்குள் போய் வேண்டுமென்றே சீண்டுகிறான் இல்லையா, அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரிய வருகிறது? ஒன்றுமில்லை. அவன் வெளியே வந்ததும் கேமராவும் கூடவே வந்துவிடுகிறது. டாக்ஸிக்காரர் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? அதையும் காட்டமாட்டார்கள். அவன் மற்றவர்களைப் பொம்மையாக வைத்து விளையாடுகிறான் என்று குற்றம் சொல்லிக்கொண்டே படமும் அவர்களைப் பொம்மையாகத்தான் வைத்திருக்கிறது. விமர்சனம் என்று பெயர் வைத்துவிட்டால் 95 நிமிடமும் ஒரு பணக்காரப் பையன் முகத்தையே பார்க்க வேண்டுமா?

தகரக்கொட்டகை:
@கேரட்_மால்வா நியாயமான கேள்விதான் அக்கா. ஆனால் அந்த நர்ஸை மறந்துவிட்டீர்கள். எதிர்ப்பேச்சு பேசாமலேயே அவனைத் தோற்கடித்துவிட்டார். மதுக்கடைக் காட்சிக்கு என்னிடம் பதில் இல்லை.

எல்_ரயில்_பயணி:
அந்தக் காலத்தில் நான் நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் இருந்தேன், வேலைக்குப் போகும் வழியில், இந்தப் படம் நடக்கிற வில்லியம்ஸ்பர்க்கைத் தாண்டித்தான் ரயில் போகும். படத்தில் வருகிற மாதிரி ஆட்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன், அதனால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

புரூக்ளினின் அந்தப் பகுதி தொழிற்சாலையும் கிடங்குமாக இருந்தது. வாடகை மலிவு என்று ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் 90-களில் வந்து குவிந்தார்கள். டோமினோ சர்க்கரை ஆலை 2004-இல் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த வருடமே நகராட்சி நில விதிகளை மாற்றி ஆற்றங்கரையில் உயரமான அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டது. வாடகை ஏறியது, கையில் காசில்லாத கலைஞர்கள் கிளம்பினார்கள். தங்க முடிந்தது யாரால்? வீட்டிலிருந்து பணம் வருகிறவர்களால். இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போகாமல் மலிவு பீரோடு திரிந்தால் அதற்குக் கலை என்று ஒரு சாக்கு இருந்தது. நாற்பதை நெருங்கும்போது கலையும் இல்லை, சாக்கும் இல்லை, பீர் மட்டும் மிச்சம். ஸ்வான்சன் அந்த மிச்சம்.

நண்பர்களில் ஒருவராக வருகிற ஜேம்ஸ் மர்பியைக் கவனித்தீர்களா? எல்சிடி சவுண்ட்சிஸ்டம் என்கிற இசைக் குழுவின் தலைவர். தன்னைவிடச் சின்னப் பையன்கள் முந்திவிடுவார்களோ என்று புலம்பும் பாட்டை 2002-இலேயே பாடியவர். அவரைப் பிடித்து இந்தக் கூட்டத்தில் உட்காரவைத்தது இயக்குநரின் குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பின்னிரவுக்காரன்:
சரி, இன்று மீதியையும் பார்த்துவிட்டேன். படகுக்கு அவனோடு வந்த ஒரு பெண்ணுக்கு வலிப்பு வருகிறது, இவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். கை நீட்டவில்லை. நான் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன், அந்த அளவுக்குப் பதற்றம். அதுவரை வாய்ச் சவடால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ஒருத்தருக்கு ஏதோ ஆகும்போது இவனுக்குச் செய்ய ஒன்றும் தெரியவில்லை, நக்கல்கூட வரவில்லை.

அப்புறம் கடைசியில் கடற்கரையில் ஒரு குழந்தையோடு தண்ணீரில் விளையாடுகிறான். மன்னித்துவிடச் சொல்கிறார்களா என்று யோசித்தேன், அப்படித் தெரியவில்லை. குழந்தைக்கு அவன் யாரென்று தெரியாது, அவ்வளவுதான். கேரட்_மால்வா சொன்னதும் மண்டையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அந்த டாக்ஸிக்காரர் முகம் இன்னும் போகவில்லை.

இயக்குநர் ஆல்வர்சனுடைய ‘என்டர்டெயின்மென்ட்’ (2015) என்று ஒன்று இருக்கிறதே, அதிலாவது சிரிப்பு உண்டா?

தகரக்கொட்டகை:
ஒரு நொந்துபோன மேடைக் கோமாளி பாலைவனத்து ஊர்களில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டே போகிறான். பெயரை நம்பி மறுபடியும் ஏமாறாதீர்கள்.

கேரட்_மால்வா:
நான் வரவில்லை சாமி.