கண்டோம்பிளே வழிபாட்டில் பெண்கள்: ஆய்வு மாணவர்களின் அனுபவப் பகிர்வு

மானுடவியல் மாணவி:
ஆப்பிரிக்க வழிவந்த கண்டோம்பிளே சமயத்தைப் பற்றிப் பிரேசிலின் சால்வடோர் நகரில் களப்பணி செய்த எவருக்கும், காசா பிராங்கா, கந்துவா போன்ற பழைய தெரேய்ரோக்களின், அதாவது வழிபாட்டு இல்லங்களின், தலைமை பெண்களிடமே இருப்பது தெரியும் என்பதால் அதை விளக்கப் போவதில்லை. யன்சான் என்னும் பெண் தெய்வத்தின் விழாவுக்கு முந்தைய நாள், தலைவியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு போன என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கராஜே என்னும் பயற்று வடை செய்வதற்காக ஊறவைத்த தட்டைப்பயற்றைக் கசக்கி, மிதந்து வரும் தோலை வழித்தெடுக்கும் வேலை. பக்கத்தில் இருந்தவர் ஓர் எக்கேதி. தமக்கு அருள் இறங்காமல், அருள் வந்து ஆடுபவர்களைத் தாங்கிப் பிடித்து வியர்வை துடைப்பவர். தலைமை பெண்களிடம் இருந்தும் அத்தபாக்கே மேளத்தை ஆண்கள் மட்டுமே அடிப்பது ஏன் என்று அவரிடம் கேட்டேன். கையை நீரிலிருந்து எடுக்காமலே, "அவர்களை மேளத்தின் முன் நிறுத்துவது யார்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, என் பாத்திரத்தில் இன்னும் மிச்சமிருந்த தோலைச் சுட்டிக்காட்டினார். இதை ஆய்வேட்டில் அதிகாரம் பற்றிய இயலில் சேர்ப்பதா, பெண்களை விலக்கிவைப்பது பற்றிய இயலில் சேர்ப்பதா என்பது இன்னமும் எனக்குத் தெளியவில்லை.

சென்று வந்தவன்:
மேளக்காரர்கள் உள்ளிட்ட ஓகன்களை, அதாவது அருள் இறங்காத ஆண் பணியாளர்களை, தேர்ந்தெடுப்பது ஒரிஷா எனப்படும் தெய்வம். அதுவும் பெரும்பாலும் அருள் இறங்கிய ஒரு பெண்ணின் வழியாகவே. நான் பார்த்த விழாவில், ஆடிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சுவரோரம் நின்ற இளைஞனின் கையைப் பற்றி நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தபோது அவன் அழுதுவிட்டான். அதற்காக இதைப் பெண்களின் சமயம் என்று முடிவுகட்டுவதை நான் ஏற்க மாட்டேன். 1938–39இல் சால்வடோரில் ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் ரூத் லேண்டஸ், 1947இல் வெளியிட்ட நூலில் அந்நகரைப் பெண்களின் நகரம் என்றே அழைத்தார். ஆனால் ஜோவாவ்சின்யோ த கோமேயா போன்ற ஆண் தலைவர்கள் அப்போதே பெயர் பெற்றிருந்தார்கள்.

பழைய மாணவி:
பெண்களின் சமயம் என்று மேலே எழுதிய மானுடவியல் மாணவி எங்கும் எழுதவில்லை, நண்பரே; எழுதாததை மறுக்க இவ்வளவு வேகம் தேவையில்லை. நான் சென்ற இடத்தில், அறுபதைக் கடந்த பெண்மணி ஒருவர் இருபது வயதுப் பெண்ணின் முன் தரையில் படிந்து வணங்கினார். தீட்சை பெற்ற ஆண்டுக்கணக்கில் அந்த இளம்பெண்ணே மூத்தவர். ஆகவே புதிதாகச் செல்வோர், வயதை வைத்துக் கணக்கிடாமல், யார் மூத்தவர் என்று கேட்டறிந்து அவரை வணங்கிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். வெள்ளை உடை நல்லது, கறுப்பைத் தவிருங்கள். தலைவியின் இசைவு கிடைக்கும்வரை ஒலிப்பதிவுக் கருவி பையிலேயே இருக்கட்டும். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் சில அறைகளுக்குள் செல்லாத வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதால், அதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விழா நாளில் எவரிடமும் பேட்டி எதிர்பார்க்க வேண்டாம். வந்தவர்களுக்குச் சோறு போடுவதிலேயே அவர்களுக்குப் பொழுது விடிந்துவிடும்.