இது எந்தக் கடற்கரை? 1985 கோடை, தென்கிழக்கு இங்கிலாந்து

அம்மாவை ஒருமுறை அதே கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசை. எந்த ஊர் என்றுதான் தெரியவில்லை.

தம்பி பிறப்பதற்கு முந்தின கோடை, ஆகவே 1985. லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து காலையில் கோச்சில் போய் இரவே திரும்பினோம். கையில் இடியப்பமும் சம்பலும். இருப்பது ஒரே ஒரு படம். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை, நெகட்டிவும் இல்லை. கரையில் மணல் கிடையாது, கூழாங்கல். தூரத்தில் நடுக்கடலில், கரையோடு தொடர்பே இல்லாமல் ஒரு பழைய கடல் நடைபாலத்தின் (pier) முனை மட்டும் நிற்கிறது.

அக்காவுக்கு ஞாபகம் இருப்பது உள்ளே ஊர்ப்பெயர் ஓடும் இளஞ்சிவப்பு ராக் மிட்டாய். பெயரையும் சேர்த்துத் தின்றுவிட்டாள்!

தேடிப் பார்த்தவை: சவுத்எண்ட் நடைபாலத்தைக் கப்பல் மோதி அறுத்தது 1986-இல், படத்துக்குப் பிறகு. பிரைட்டனின் மேற்கு நடைபாலம் இடிந்தது 2002-இல், அதுவும் பொருந்தாது. 1978 ஜனவரிப் புயலில் ஹெர்ன் பேயில் நடுப்பகுதி போய் முனை தனித்து நின்றது. அதே புயல் மார்கேட்டிலும் நடைபாலத்தை உடைத்து மிச்சத்தைக் கடலில் விட்டிருக்கிறது. மார்கேட் என்றால் எனக்கு நினைவு வருவது அகன்ற மணற்கரைதான், அதனால் ஹெர்ன் பே என்றே நினைக்கிறேன். அம்மாவோ மார்கேட்தான் என்று அடித்துச் சொல்கிறா. கூகுள் படங்களில் கோணம் சரியாக அமையவில்லை.

எண்பதுகளில் இந்த இரண்டு ஊருக்கும் போனவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: இது ஹெர்ன் பேயா, மார்கேட்டா?