"ஒன்னும் போடலை டாக்டர்": கைவைத்தியம் பார்த்துச் சுட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

சமையல்கட்டு

போன வாரம் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கழுத்தைச் சுற்றிச் சிவந்து, அங்கங்கே கொப்புளம். சொட்டு வழிந்தது போல ஒரு கோடு தோள்பட்டை வரை இறங்கியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன போட்டீங்க?" யோசிக்காமல் நான் சொன்ன பதில், "ஒன்னும் போடலை டாக்டர்."

பொய். நாலு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மகளுக்குப் பிடரி கருத்துப் போயிருந்தது. கவரிங் செயினால் வந்தது என்றாள் நாத்தனார். தேய்த்துக் குளிப்பதில்லை என்றார் மாமியார். முதலில் பயத்தமாவு, அப்புறம் தயிரும் கடலை மாவும், அப்புறம் சமையல் சோடா, கடைசியில் எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டுத் தேய்ப்பது என்று வந்து நின்றது. எரிகிறது என்பாள். எரிந்தால்தான் அழுக்குப் போகும் என்று நானே சொல்லியிருக்கிறேன். பள்ளியில் விளையாட்டு விழா நடந்த அன்றும் காலையில் தேய்த்துவிட்டு, மேலோட்டமாகக் கழுவி அனுப்பினேன். பகல் முழுக்க மைதானத்து வெயிலில் நின்றிருக்கிறாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் எரிச்சல், அதற்கடுத்த நாள் கொப்புளம். இடையில் இவ்வளவு நேரம் போய்விட்டதால் எலுமிச்சை மேல் சந்தேகமே வரவில்லை. சீருடைக் காலர் உரசியிருக்கும் என்று நினைத்தோம்.

டாக்டர் அந்தச் சொட்டுக் கோட்டைக் காட்டி, "எலுமிச்சம்பழமா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். "பஜ்ஜியே போட்டுடலாம் போலிருக்கேம்மா" என்றார்.

எலுமிச்சையில், அதிலும் அதன் தோலில், வெயில் பட்டால் வேலையைக் காட்டும் ஒரு பொருள் இருக்கிறதாம். அது பட்ட இடத்தில் வெயில் விழுந்தால், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தீக்காயம் மாதிரி எழும்பும். ஆறிய பிறகு அந்த இடம் கருத்து, மறைவதற்கு மாதக்கணக்காகும். கருப்பைப் போக்கத் தேய்த்து, கருப்பைக் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பெரிய அடி அதற்கப்புறம்தான். பிடரிக் கருப்பு அழுக்கே இல்லை. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கிறதே, அக்குளிலும் இருக்கும் பாருங்கள் என்றார். இருந்தது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படித் தடித்துக் கருக்குமாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் எடுத்தோம். சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறாள். 15 வயது. அதைத்தான் நாங்கள் நாலு மாதமாக அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். என்ன போட்டீர்கள் என்பதோடு, டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா என்பதையும் சேர்த்து.

வைகைக்கரை

அக்கா, நாங்களும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு 68 வயது. இரண்டு நாளாக வலது நெற்றி எரிகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் புருவத்திலிருந்து தலைமுடி வரை பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். நடு நெற்றியில் கோடு கிழித்தது போல நின்றுவிட்டது, இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. அம்மா பார்த்ததுமே "அக்கி" என்றார். எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, வேளார் வீட்டுக்குத்தான் போவது. அவர் காவியைக் கரைத்து இறகால் கொப்புளத்தின் மேல் பூசுவார், ஓரத்தில் சிங்கம் எழுதுவார். மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை குளிக்கக் கூடாது, தாளிக்கிற வாசனையும் ஆகாது. சொந்தக்காரர்களைக் கேட்டு, நல்ல நாள் பார்த்து, எழுதத் தொடங்கவே ஒரு நாள் போய்விட்டது.

மூன்றாம் முறை எழுத வந்தவர் இறகைக் கீழே வைத்துவிட்டார். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்திருந்தது, இமை வீங்கியிருந்தது. "மூக்குக்கு இறங்கிருச்சு, கண்ணு செவக்குது. இது எழுதுற அக்கி இல்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். காசும் வாங்கவில்லை. பொறியியல் படித்த எனக்குத் தெரியாததை அவர்தான் சொன்னார்.

ஆட்டோவில் போகும்போது அம்மா முந்தானையை நனைத்து அப்பா முகத்திலிருந்த காவியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அங்கே டாக்டர் கேட்டார். "ஒன்னும் போடலைங்க." காதோரத்தில் சிங்கத்தின் வால் மட்டும் அழியாமல் இருந்தது.

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு வேரில் பதுங்கியிருந்து, வயதான காலத்தில் ஏதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவதுதான் அக்கியாம். அதனால்தான் ஒரு பக்கமாகவே வருகிறது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள் என்பதால், மூக்கில் கொப்புளம் கண்டால் கண்ணைப் பற்றிப் பயப்பட வேண்டும். வைரஸுக்கான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்றார்கள். நாங்கள் போனது நாலாம் நாள். கண் பிழைத்தது. நெற்றி வலி 14 மாதமாகிறது, போகவில்லை. சீப்பு பட்டால் துடித்துப் போகிறார். மின்விசிறிக் காற்றுக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்தக் காவி அப்பாவை ஒன்றும் செய்துவிடவில்லை. நாங்கள் விட்ட நாட்களைத்தான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மொட்டைமாடி

இட்லிச் சட்டி ஆவி கையில் அடித்து, பக்கத்திலேயே இருந்தது என்று இட்லி மாவை அள்ளி அப்பினேன். ஜில்லென்று சுகமாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரம். மாவு காய்ந்து இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை ஊற வைத்து எடுத்தார்கள், கொப்புளத் தோலும் கூடவே வந்துவிட்டது. டாக்டரிடம் சொன்னேனா என்றால், சொல்லவே தேவைப்படவில்லை. கையில் புளித்த வாடை.

வெள்ளைப் புடவை

ஓய்வு பெற்ற நர்ஸ் நான். மொட்டைமாடிக்கு நடந்தது வாரத்துக்கு நாலு பார்த்திருக்கிறேன். மாவு, பற்பசை, பேனா மை, காபித்தூள் எல்லாம் வரும். சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டு அலமாரியைத் திறந்துவிடுகிறோம்.

நான் கண் வார்டில் இருந்தபோது பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் ஒன்று வரும். எருக்கம்பூ பறித்த கையால் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். முள் குத்தினதுக்கு எருக்கம்பால் வைத்துவிட்டு அதே விரலால் கண்ணைத் தொட்டவர்களும் உண்டு. அந்தப் பால் பட்டால் சிலருக்கு வலியே தெரியாது, பார்வை மட்டும் புகை படிந்த மாதிரி மங்கும். வலி இல்லையே என்று ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு வருவார்கள். கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், தூசி விழுந்துவிட்டது.

பலாச்சுளை

பண்ருட்டிப் பக்கம். வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்பு. பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆள்காட்டி விரலில் ஒரு மரு வந்தது. பையன்களுக்குள் அதற்கு மருந்து ஏற்கெனவே தெரியும். முந்திரிக்கொட்டையைச் சுட்டால் ஓட்டிலிருந்து சீறிக்கொண்டு வருமே எண்ணெய், அதில் ஒரு சொட்டை வேப்பங்குச்சியால் தொட்டு மருவில் வைக்க வேண்டும். கொட்டை உடைக்கும் அக்காமார் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வார்கள். அப்படியும் அவர்கள் விரல் நுனியெல்லாம் கருத்து வெந்துபோயிருக்கும். அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன்தான் நானும்.

ஒரு சொட்டு வைத்தேன். போதாது என்று மேலே பிளாஸ்டர் வேறு ஒட்டினேன். இரண்டாம் நாள் விரல் வாழைப்பூ நிறத்துக்கு வீங்கி, கொப்புளம் உடைந்து, எண்ணெய் பட்ட இடமெல்லாம் புண். தூக்கத்தில் எங்கெங்கே தொட்டேனோ, கன்னத்திலும் வேறு இடத்திலும் தடிப்பு. (வேறு இடம் எது என்று கேட்காதீர்கள்.) அப்பா கேட்டதற்கு விரலைக் கதவில் நசுக்கிக்கொண்டேன் என்றேன். டாக்டரிடமும் கதவுதான். கதவு நசுக்கினதுக்கு உண்டான மருந்து கொடுத்தார், ஒரு வாரம் வீணாகப் போனது.

மரு விழுந்தது. தழும்பைச் சுற்றி ஐந்தாறு மாதத்தில் நாலு குட்டி மரு முளைத்தது. அதைவிட வயிற்றெரிச்சல், அதற்குப் பிறகு மாம்பழத் தோல் உதட்டில் பட்டாலே தடித்துப்போகிறது. முந்திரி, மா, சேங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றை உடம்பு பகைத்துக்கொண்டால் மற்றதையும் பகைக்கலாம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் விளக்கினார். இவ்வளவு மாமரம் இருக்கும் ஊரில் நறுக்கிக் கொடுத்த பழத்தை முள்கரண்டியால் சாப்பிடுகிறவன் நான் ஒருத்தன்தான்.

பனையூரான்

எல்லாரும் சேர்ந்து கைவைத்தியத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிடாதீர்கள். எழுபது வருடமாக வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர்தான் தடவுகிறேன், ஒரு கெடுதலும் வந்ததில்லை. படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலை அரைத்துப் போட்டால் கொஞ்சமாவது கேட்கத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு தொடை இடுக்கில் படர்தாமரை. இலை அரைக்கச் சோம்பல், மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினால் திரும்ப வரும், போட்டால் அடங்கும். ஆறு மாதத்தில் இடுப்பு வரை ஏறிவிட்டது, பிள்ளை பெற்றவள் வயிறு மாதிரி தொடையில் வரி வரியாகக் கோடு. டாக்டரிடம் ட்யூப்பைச் சொன்னேன், இடையில் இலையும் அரைத்துப் போட்டதைத் திட்டுவாரே என்று மறைத்துவிட்டேன். அவர் திட்டியது ட்யூப்பைத்தான்.

வெள்ளைப் புடவை

ஐயா, அந்த ட்யூப்பில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். அது அரிப்பை மட்டும் அமுக்கும், பூஞ்சைக்கு நல்ல விருந்து. வளையம் வளையமாக இருந்த அடையாளமும் கலைந்துபோய் டாக்டருக்கே குழப்பம் வரும். 2018 முதல் அந்த வகைக் களிம்புகள் டாக்டர் சீட்டோடு விற்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. கடையில் யார் சீட்டுக் கேட்கிறார்கள்? நுங்குக்கு நான் எதிரி இல்லை, எனக்கும் இரண்டு அனுப்புங்கள்.

பேர் வேண்டாம்

இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

என் தம்பிக்கு முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று. அரிப்பு இல்லை, பரவவும் இல்லை. ஒரு வருடம் சும்மா இருந்தான். பெண் பார்க்கத் தொடங்கியதும் வீட்டில் பதற்றம். வெண்குட்டமாகிவிடும் என்று யாரோ சொல்ல, நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்துப் பூசி, காலை வெயிலில் காட்டச் சொன்னார்கள். காட்டினான். இரண்டாம் நாள் தேமல் முழுக்கப் பெரிய கொப்புளம். சமையல்கட்டு அக்கா சொன்ன எலுமிச்சைக் கதைதான். இரண்டிலும் இருப்பது சோரலென் வகைப் பொருள். தோல் மருத்துவர்களும் சோரலெனைத்தான் வெண்குட்டம் என்கிற வெண்புள்ளிக்குக் கொடுக்கிறார்கள், ஆனால் மருந்தையும் அளந்து வெளிச்சத்தையும் அளந்து.

கொப்புளம் உடைந்தபோது அம்மா ஊதி ஊதி மஞ்சள் வைத்தார். தம்பி, "ஏம்மா ஊதுற, வலிக்கவே இல்லை" என்றான். அவனுக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்தோம்.

டாக்டரிடம் இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னோம், வலிக்கவில்லை என்பதையும் சேர்த்து. அவர் பூசியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கையில் அங்கங்கே தொட்டு, தொடும் இடத்தைக் காட்டச் சொன்னார். தேமலின் விளிம்பில் தொட்டபோது தம்பி சும்மா உட்கார்ந்திருந்தான்.

தொழுநோய், ஆரம்ப நிலை. ஆறு மாத மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். குணமாகிவிட்டது. கல்யாணமும் ஆகிவிட்டது.

சமையல்கட்டு

பேர் வேண்டாம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கூச்சத்தில் கையைத் தட்டிவிட்டாள். நிம்மதி.

வைகைக்கரை தம்பி, அப்பாவின் வலிக்கு நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருப்பதாக எங்கள் டாக்டரிடம் கேட்டபோது சொன்னார். விட்டுவிடாமல் மறுபடி காட்டுங்கள்.

நேற்று மறுபரிசோதனைக்குப் போனோம். கொப்புளம் ஆறி, கழுத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை நிற்கிறது. சாயங்காலம் அரை மணி நேரம் அம்மாவும் மகளும் நடக்கிறோம், இரண்டு கிலோ குறைந்திருக்கிறாள். "இந்த வாரம் என்ன போட்டீங்க?" என்றார் டாக்டர். "நீங்க கொடுத்த களிம்பு, ரெண்டு நாள் தேங்காய் எண்ணெய்" என்றாள் மகள். எண்ணெய் எனக்கே தெரியாது.

மாமியாருக்குத்தான் சாறு பிழிந்த எலுமிச்சை மூடியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கிறார். பளபளவென்றுதான் இருக்கிறது.