1991ல் நம் தேனீயைக் காப்பாற்றியது யார்?

பெட்டிக்காரர் மகன்:
நேற்று இங்கே ஒருவர், ஆராய்ச்சியாளர்கள் வழிகாட்டினால்தான் தேனீக்கு வாழ்வு, 1991ல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்தபோது தென்னிந்தியத் தேனீ பிழைத்ததே அவர்களால்தான் என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. நான் மார்த்தாண்டம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்துப் பிழைத்தவர். அந்தப் பருவத்தில் பெட்டிக்குள் அடை கட்டும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் புழுக்கள் அறைக்குள் தலையை மேலே தூக்கியபடி மல்லாந்து செத்துக் கிடக்கும். முள்ளால் மெல்ல எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி கிழியாமல் முழுசாக வரும். எங்கள் பெட்டிகளில் பெரும்பாலானவை காலி. தென்னிந்தியாவில் பத்துக்கு ஒன்பது கூட்டம் போனது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளே சொல்கின்றன. நான் கேட்பது ஒரே கேள்வி. மருந்து கண்டுபிடித்தார்களா, இல்லையா?

பூச்சியியல் மாணவி:
எழுதியது நான்தான் ஐயா. உங்கள் வீட்டு இழப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வைரஸுக்கு மருந்து கேட்பதே தவறான கேள்வி. இந்த நோய் 1976ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டது, அதைச் செய்ததும் ஆராய்ச்சிதான். இது பாக்டீரியா இல்லை என்று தெரிந்ததால்தான் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பயனில்லை என்றும் தெரிந்தது. ராணியைச் சில நாள் சின்னக் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினால் வைரஸ் பெருகப் புழுவே இருக்காது. நோய்ப்பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றக் கூடாது. பலவீனமான கூட்டத்தை வைத்து இழுக்கக் கூடாது. இதெல்லாம் காப்பாற்றும் வழி இல்லையா?

பெட்டிக்காரர் மகன்:
ஆக, மருந்து இல்லை. அதைத்தான் கேட்டேன். சட்டத்தை மாற்றாதே என்று சொல்ல டாக்டர் பட்டம் எதற்கு? அந்தச் சமயத்தில் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பொடியைச் சர்க்கரைப் பாகில் கரைத்துக் கொடுக்கச் சொல்லிப் பையோடு வந்தவர் ஒருவர் உண்டு, அவர் பெயர் வேண்டாம். அப்பா கடன் வாங்கி அதையும் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் மிஞ்சிய பெட்டிகளை ஒதுக்கி, மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் உயிரோடு கிடந்த கூட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியது யார்? எங்கள் ஊர்க்காரர்கள். மருந்து கண்டுபிடித்தார்களா, இல்லையா?

கோட்டாறு குரல்:
ரெண்டு பேரும் ஆணிவேரைத் தொடவில்லை. 1960களில் இமாச்சலப் பிரதேசத்து நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்து வளர்த்தார்களே, அதோடு வந்த சனியன்தான் இதெல்லாம். வெளிநாட்டுப் பூச்சியை இறக்குமதி செய்தவர்களே விஞ்ஞானிகள்தான்.

பூச்சியியல் மாணவி:
இது சுத்தமாகத் தவறு. தாய்லாந்து சாக்புரூட் இந்தியத் தேனீ இனத்தைத் தாக்கும் வைரஸ். இத்தாலியத் தேனீயை அது அவ்வளவாக அசைப்பதே இல்லை. தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி விஷயம் இன்னும் தலைகீழ். அது நம் ஆசியத் தேனீயிடம் பழகி இருந்தது, இத்தாலியத் தேனீக்குத் தாவிய பிறகுதான் அந்தத் தேனீ உலகம் முழுக்கக் கூட்டம் கூட்டமாகச் சாகிறது. நம் தேனீக்கு உண்ணியைக் கடித்துத் தள்ளத் தெரியும், இத்தாலியத் தேனீக்கு அவ்வளவாகத் தெரியாது.

கோட்டாறு குரல்:
ஆதாரம் என்று எதையாவது நீட்டுவீர்கள் என்று தெரியும். போன வருடம் கொசுத்தேனீ விவாதத்திலும் இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தீர்கள். நான் சொன்னது சொன்னதுதான்.

பூச்சியியல் மாணவி:
பெட்டிக்காரர் ஐயாவுக்கு: அமெரிக்காவின் மினசோட்டாவில் மார்லா ஸ்பிவாக் என்ற தேனீ ஆராய்ச்சியாளர் என்ன செய்தார் என்று பாருங்கள். அடையில் ஒரு வட்டத்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றி உறைய வைத்துச் செத்த புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் எவ்வளவு நேரத்தில் இழுத்து வெளியே போடுகின்றன என்று எண்ணினார். வேகமாகச் சுத்தம் செய்யும் கூட்டத்தின் ராணியிலிருந்து அடுத்த தலைமுறை. உங்கள் அப்பா மிஞ்சியதைப் பெருக்கினார், இவர்கள் எதனால் மிஞ்சுகிறது என்று அளந்து பெருக்கினார்கள்.

பெட்டிக்காரர் மகன்:
அப்பா செய்ததும் அதுதான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. அளக்காமலே நாங்கள் செய்தோம். இன்னொன்று, இந்த வைரஸ் 1978லேயே வடகிழக்குக்கு வந்துவிட்டது. தெற்கே வர 1991 ஆனது. நடுவில் 13 வருடம். வழிகாட்டும் ஆராய்ச்சி என்கிறீர்களே, அந்த 13 வருடத்தில் மார்த்தாண்டத்துப் பெட்டிக்காரனுக்கு ஒரு எச்சரிக்கைத் தாள் வந்ததா? எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

உறையூர்:
உங்கள் அப்பா வைத்திருந்தது நியூட்டன் பெட்டிதானே? அதை நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்ப வடிவமைத்தவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருந்த பாதிரியார் நியூட்டன், நூறு வருடத்துக்கும் முன்னால். ஆராய்ச்சி வேண்டாம் என்றால் பானையில் வளர்த்திருக்கலாம்.

பெட்டிக்காரர் மகன்:
நியூட்டன் பாதிரியாரை இதில் இழுக்காதீர்கள், அவர் பெட்டியைச் செய்து கிராமத்தானின் கையில் கொடுத்தவர். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏவில் இருந்து வளர்க்கக் கற்றுக்கொடுத்தார், அவரையும் மதிக்கிறேன். நான் பேசுவது 1991. பெட்டியைப் பற்றி இல்லை, நோயைப் பற்றி. மருந்து எங்கே?

தேன் வாங்குகிறவன்:
நோயைப் பிறகு பேசுங்கள். நீங்கள் எல்லாம் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறீர்களாமே, அதைத்தான் மார்த்தாண்டம் தேன் என்று 2023ல் புவிசார் குறியீடு வாங்கி விற்கிறீர்களா?

பெட்டிக்காரர் மகன்:
பாகு எப்போது கொடுப்போம் என்று தெரிந்து பேசும். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, தை மாசி பங்குனியில், தளிர்க் காம்பில் சுரக்கும் தேனைத்தான் ஈ எடுக்கிறது. மழைக்காலத்தில் ஒன்றும் கிடையாது. அப்போது பாகு கொடுக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். அந்த மாதங்களில் யாரும் தேன் எடுப்பதில்லை. ஈயைப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்கிறீரா?

தேன் வாங்குகிறவன்:
எடுப்பதில்லை என்று நீங்கள் சொன்னால் நாங்கள் நம்ப வேண்டும்.

பூச்சியியல் மாணவி:
பாகு விஷயத்தில் ஐயா சொல்வது சரிதான், ஆனால் மற்றதில் இல்லை. மருந்து, மருந்து என்கிறீர்கள். தேனீப் புழுக்களை அழுக வைக்கும் அமெரிக்கன் ஃபௌல்புரூட் நோய்க்கு 2023ல் அமெரிக்காவில் தடுப்பு மருந்தே வந்துவிட்டது. ராணியைக் கவனிக்கும் தேனீக்கள் தின்னும் இனிப்பில் கலந்து கொடுக்கிறார்கள். அது ராணிக்குப் போய், முட்டை வழியாகப் புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி போகிறது. ஆராய்ச்சி நடந்தால் நம் தேனீக்கும் ஒருநாள் வரும்.

பெட்டிக்காரர் மகன்:
அது பாக்டீரியா நோய். வைரஸுக்கு மருந்து கேட்பதே தவறு என்று மேலே சொன்னது நீங்கள். இப்போது பாக்டீரியாவுக்கு வந்ததைக் காட்டி என் வாயை அடைக்கிறீர்கள். அமெரிக்காவில் இத்தாலியத் தேனீக்கு வந்தது எனக்கு எதற்கு? ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. காப்பாற்றினோம் என்று பெயர் வாங்காதீர்கள் என்கிறேன். கடன் அப்பாவுடையது, பாறை இடுக்கில் கையை விட்டுக் கொட்டு வாங்கியது அப்பா.

பூச்சியியல் மாணவி:
யாரும் பெயர் வாங்க வரவில்லை. களத்தில் இறங்கி ஊர் ஊராகப் பெட்டி திறந்து பார்த்த ஆராய்ச்சி மாணவர்களும் கொட்டு வாங்கியவர்கள்தான். அவர்களை ஒரு வரியில் தள்ளுவது எனக்கும் வலிக்கிறது.

கோட்டாறு குரல்:
இத்தாலியத் தேனீ பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

பெட்டிக்காரர் மகன்:
13 வருடத்துக்கும் பதில் வரவில்லை. 1978 முதல் 1991 வரை. அதைச் சொல்லிவிட்டு மினசோட்டாவுக்குப் போங்கள். சர்க்கரை பற்றிப் பேசியவர் மாசியில் மார்த்தாண்டம் வரட்டும், கண் முன்னால் பெட்டியைத் திறந்து தேன் எடுத்துக் காட்டுகிறேன்.