எபிஃபனி: அசை பிரிப்பும் உச்சரிப்பும்

கேள்வி:
சனவரி 6 அன்று கொண்டாடப்படும் திருக்காட்சிப் பெருவிழாவை ஆங்கிலத்தில் எபிஃபனி என்கிறார்கள். வாசகம் வாசிக்கும்போது நான் முதல் அசையை அழுத்தி 'எப்பிபேனி' என்று சொல்லிவிட்டேன். இச்சொல்லை எவ்வாறு பிரித்து ஒலிக்க வேண்டும்?

மறுமொழி 1:
இதில் நான்கு அசைகள் உள்ளன: இ-பிஃப்-அ-னி. அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. மூன்றாவது அசை மிக மெலிந்து ஒலிக்கும் என்பதால் அதை 'பே' என நீட்டுவது பொருந்தாது. அழுத்தம் பெற்ற குற்றுயிர் ஆங்கிலத்தில் ஒரு மெய்யோடு முடிவதே வழக்கம் என்பதால்தான் அகராதிகள் ஃப் ஒலியை இரண்டாம் அசையோடு சேர்க்கின்றன.

மறுமொழி 2:
மூலம் கிரேக்கம். 'வெளிப்படுதல்' என்னும் பொருளுடைய எபிஃபனெயா என்ற சொல், இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேரான ஃபைனெய்ன் என்பதற்குக் 'காட்டுதல்' என்று பொருள். ஃபான்டம், ஃபினாமினன் ஆகியவையும் அந்த வேரில் கிளைத்தவையே. ஞானிகளுக்குக் குழந்தை இயேசு வெளிப்பட்டதை மேற்கத்தியத் திருச்சபை இந்நாளில் நினைவுகூர்வதால், 'திருக்காட்சி' என்ற தமிழாக்கம் வேர்ப்பொருளையே தொட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

மறுமொழி 3:
ஒரு சிறு குறிப்பு: டிஃபனி என்ற பெண்பெயரும் இதே விழாவுக்குரிய தியோஃபனியா என்னும் மற்றொரு பெயரிலிருந்து வந்ததுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. 'பிஃப்' என்பதை அழுத்திச் சொன்னவுடன் மற்ற அசைகள் தாமாகவே சரியாகிவிட்டன.